டிஎன்பிஎஸ்சி: பழைய வினாத்தாள்களை வைத்துப் படிப்பைத் திட்டமிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரூப் 4, குரூப் 2, குரூப் 1 என்று தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு மாலை நேரங்களில் உட்கார்ந்து பேசுவது என் வழக்கம். ஊர் வேறு, ஆள் வேறு, ஆனால் வருகிற சந்தேகங்கள் மட்டும் அதேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சி பற்றித்தான், யூபிஎஸ்சி பற்றியும் ஒரு கேள்வி உண்டு.

பழைய கொஸ்டின் பேப்பர் எங்க கிடைக்கும் அண்ணா? கைடு வாங்கணுமா?

வாங்க வேண்டாம். தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது. தேர்வு முடிந்ததும் வினாத்தாளை உத்தேச விடைக்குறிப்போடு போடுவார்கள், தேர்வர்கள் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் கொடுப்பார்கள், அதையெல்லாம் பார்த்த பிறகு இறுதி விடைக்குறிப்பு வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் சில விடைகள் மாறும் என்பதை மறக்கக் கூடாது. உத்தேச விடையை மட்டும் பார்த்துப் படித்துவிட்டு, தவறான விடையை வருடக்கணக்கில் மனதில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இறுதிக் குறிப்பு வந்திருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் சந்தேகமான கேள்வியைப் பாடப்புத்தகத்தில் சரிபாருங்கள்.

கடையில் கிடைக்கும் தொகுப்புகளில் அச்சுப் பிழையும் விடைப் பிழையும் இருக்கலாம். ஆணையத்தின் பிடிஎஃப்பை எடுத்து அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்வதுதான் நல்லது, ஏனென்றால் அதில் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

சிலபஸ் முழுக்க முடிச்சிட்டு கடைசி ஒரு மாசம் பழைய பேப்பர் போடலாம்னு இருக்கேன். சரிதானே?

இல்லை. முதல் வாரத்திலேயே ஒரு பேப்பரை எடுங்கள். மதிப்பெண் போட்டுப் பார்க்க அல்ல, பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த வரிக்கு எந்தக் கேள்வி என்று பார்க்க. பாடத்திட்டம் 'இந்திய அரசியலமைப்பு' என்று ஒரு வரியில் முடித்துவிடும். அந்த வரிக்குள் முகப்புரையை எவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டும், உள்ளாட்சியை எவ்வளவு படிக்க வேண்டும் என்பதை வினாத்தாள்தான் சொல்லும்.

கடைசி மாதத்தில் எடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? தேவையில்லாத இடத்தில் மூன்று மாதம் செலவழித்தது அப்போதுதான் தெரியவரும், அதைத் திருத்த நேரமும் இருக்காது. முதல் முறை பார்க்கும்போது பாதிக் கேள்வி புரியாது, பரவாயில்லை, அது பரீட்சை இல்லை.

எத்தனை வருஷ பேப்பர் பாத்தா போதும்? பத்து வருஷமா, அஞ்சு வருஷமா?

வருடத்தை எண்ணாதீர்கள், தேர்வு முறை எப்போது மாறியது என்று பாருங்கள். குரூப் 4-ல் தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு எல்லோருக்கும் கட்டாயம் ஆன பிறகு நடந்தவை 2022 ஜூலை 24, 2024 ஜூன் 9, 2025 ஜூலை 12 தேர்வுகள். இந்த மூன்றிலும் சேர்த்து 600 கேள்விகள். இவைதான் உங்கள் அடித்தளம். 2018, 2019 தாள்களில் பொது அறிவையும் கணிதத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குரூப் 2 என்றால் 2022 மே, 2024 செப்டம்பர், 2025 செப்டம்பரில் நடந்த முதல்நிலைத் தேர்வுகளில் தொடங்குங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. புதிய பாடநூல்கள் 2018-19-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும் 2019-20-ல் மற்ற வகுப்புகளுக்கும் வந்தன. அதற்கு முந்தைய தாள்கள் பழைய சமச்சீர் புத்தகத்திலிருந்து கேட்டவை. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு புதிய புத்தகத்தில் தேடினால் சில பாடங்களே இருக்காது, நாள்தான் வீணாகும்.

பேப்பர கையில வச்சுக்கிட்டு என்னதான் பண்றது? படிச்சுப் பாத்து விடைய தெரிஞ்சுக்கிட்டா போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒரு நீள நோட்டு எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: பாடத்திட்டத்தில் எந்த அலகு, எந்த வகுப்புப் புத்தகத்தில் எந்தப் பாடம், என்ன வகைக் கேள்வி (நேரடி, பொருத்துக, கூற்று–காரணம், சரியான கூற்றுகள் எவை, பொருந்தாதது எது), எனக்கு உண்மையிலேயே தெரிந்ததா. இரண்டாவதுதான் சிரமம். புத்தகத்தைத் திறந்து அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தாளுக்கு மூன்று நான்கு மாலை போகும், போகட்டும். அப்படித் தேடும்போது பாடத்தின் முடிவில் இருக்கும் பயிற்சிக் கேள்வியும் பெட்டிச் செய்தியும் கண்ணில் படும், அங்கிருந்தும் கேட்டிருப்பது அப்போதுதான் தெரியும்.

நான்காவது விஷயத்தில் பலர் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள். பொருத்துக கேள்வி ஒன்றை நினைத்துப் பாருங்கள்: திரிகடுகம், நான்மணிக்கடிகை, இன்னா நாற்பது, ஏலாதி. ஒரு பக்கம் நல்லாதனார், விளம்பிநாகனார், கபிலர், கணிமேதாவியார். உங்களுக்கு இரண்டு மட்டும் தெரியும், அதை வைத்தே விடையைப் பிடித்துவிட்டீர்கள், மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஆனால் நோட்டில் 'தெரியும்' என்று எழுதாதீர்கள். தெரியாத இரண்டு பேரை எழுதுங்கள். அடுத்த தேர்வில் அந்த இரண்டில் ஒன்று நேரடிக் கேள்வியாக வந்தால் பொருத்திப் பிடிக்க வழியே இருக்காது. அதே போல தவறான விருப்பங்களையும் சும்மா விடாதீர்கள். விடையாக இல்லாத மூன்றும் பெரும்பாலும் அதே பாடத்திலிருந்தே வந்தவை, நாளைக்கு அவையும் கேள்வியாகலாம்.

மூன்று தாளுக்கு இதைச் செய்து முடித்தால், எந்தப் பாடம் மூன்றிலும் வருகிறது, எது ஒரே ஒரு முறை தலைகாட்டியது, எதில் நீங்கள் தொடர்ந்து தோற்கிறீர்கள் என்று நோட்டே சொல்லிவிடும். படிப்பு அட்டவணையை அதற்குப் பிறகு போடுங்கள்.

பழைய கேள்வி அப்படியே திரும்ப வருமா? அதையே மனப்பாடம் பண்ணா பாஸ் ஆகிடலாம்னு சொல்றாங்களே?

சில கேள்விகள் கிட்டத்தட்ட அப்படியே வருகின்றன, குறிப்பாகக் கணக்கிலும் இலக்கணத்திலும். ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. கேள்வியை விட இடம்தான் அதிகம் திரும்ப வருகிறது, அதாவது அதே பாடம், அதே பத்தி, வேறு கோணம்.

வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10 என்ற தேதியைக் கேட்கலாம். கொல்லப்பட்ட கர்னல் ஃபேன்கோர்ட்டைக் கேட்கலாம், ஆற்காட்டிலிருந்து படையோடு வந்து அடக்கிய கில்லஸ்பியைக் கேட்கலாம், அப்போது சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங் என்பதைக் கேட்கலாம், புதிய தலைப்பாகையைக் காரணமாக வைத்துக் கூற்று–காரணம் போடலாம். தேதியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு ஒரு கேள்விக்கு விடை தெரியும், அந்தப் பத்தியைப் படித்தவருக்கு ஐந்துக்கும் தெரியும். ஆகவே ஒரு பழைய கேள்வியைப் பார்த்தால் அதைச் சுற்றியுள்ள இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

தமிழ்ல 100 கேள்வி. பழைய பேப்பர்ல இலக்கியம்தான் நிறைய இருக்கு, இப்ப சிலபஸ் வேற மாதிரி இருக்கு. எதை நம்பறது?

அளவுக்குப் புதிய பாடத்திட்டத்தை நம்புங்கள், கேள்வியின் தன்மைக்குப் பழைய தாளைப் பாருங்கள். முன்பு இலக்கணம், இலக்கியம், தமிழ் அறிஞர்களும் தமிழ்த்தொண்டும் என்று மூன்று பகுதி. 2025 குரூப் 4-க்கு வந்த பாடத்திட்டத்தில் எந்த அலகுக்கு எத்தனை கேள்வி என்றே கொடுத்துவிட்டார்கள். இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழ் அறிஞர்களும் 15. இதைப் பார்த்த பிறகும் பழைய தாளின் கணக்கை வைத்து இலக்கியத்துக்கே பாதி நாளைக் கொடுப்பது நியாயமில்லை.

அதற்காகப் பழைய தமிழ்க் கேள்விகளைத் தூக்கிப் போட வேண்டாம். பிரித்தெழுதுக, எதிர்ச்சொல், வேர்ச்சொல், சந்திப்பிழை, ஒருமை–பன்மைப் பிழை எல்லாம் இன்றைக்கும் வேண்டியவைதான். அவற்றைப் புதிய அலகுகளின் கீழே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் குறைந்தது 40 விழுக்காடு, அதாவது 150-க்கு 60 மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த பகுதியையே திருத்துவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மதிப்பெண் தரவரிசையிலும் சேர்கிறது. 60 எடுத்தால் போதும் என்ற நினைப்போடு படிக்கிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

எனக்கு மேக்ஸ் சுத்தமா வராது. 25 கேள்விதானே, விட்டுடலாமா?

விடாதீர்கள், தயவுசெய்து. ஒரு கேள்விக்கு 1.5 என்றால் 25 கேள்விக்கு 37.5 மதிப்பெண். மொத்தத் தாளிலும் முன்கூட்டியே கணிக்க முடிந்த பகுதி இதுதான். சுருக்குதல், சதவீதம், மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கனஅளவு, நேரமும் வேலையும், எண் தொடர், பகடை. இந்தத் தலைப்புகள் ஓடிப்போகாது.

இங்கே மட்டும் தாள் வாரியாகப் போகாமல் தலைப்பு வாரியாகப் போங்கள். எல்லாத் தாள்களிலிருந்தும் வட்டிக் கணக்கை மட்டும் ஒரே இடத்தில் எழுதிப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு 5 சதவீதத்தில் இரண்டு ஆண்டுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் 25 ரூபாய். ஒரு தாளில் வித்தியாசத்தைக் கேட்பார்கள், இன்னொன்றில் 25-ஐக் கொடுத்து அசலைக் கேட்பார்கள், வேறொன்றில் வட்டி வீதத்தை. மூன்றும் ஒரே கணக்கு. பத்துக் கணக்கை வரிசையாகப் போட்டால் இது கைக்கு வந்துவிடும், அப்புறம் பயம் தானாகப் போகும்.

பழைய கீயில இருக்கிற விடை இன்னைக்கு மாறியிருந்தா என்ன பண்றது?

இது நல்ல கேள்வி, பலர் கேட்பதே இல்லை. 2018 தாளில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32 என்றால் அன்றைக்குச் சரி. 2019-ல் ஐந்து மாவட்டங்களும் 2020-ல் மயிலாடுதுறையும் வந்த பிறகு 38. மாநிலங்கள் 28, ஒன்றியப் பகுதிகள் 8 என்பது 2020 ஜனவரியிலிருந்து. திட்டக்குழுவுக்குப் பதில் நிதி ஆயோக் 2015-ல் வந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. மக்களவைக்கு ஆங்கிலோ இந்தியரை நியமிக்கும் ஏற்பாடும் 104-வது திருத்தத்துக்குப் பிறகு இல்லை.

நோட்டில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பக்கத்தில் 'மாறும்' என்று ஒரு குறி போடுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் அந்தக் குறி போட்டவற்றை மட்டும் எடுத்துச் சரிபார்த்தால் போதும். மாறிய இடத்தைத் தெரிந்துவைத்திருப்பது இன்னொரு வகையிலும் உதவும்: எந்தத் திருத்தம், எந்த ஆண்டு என்பதே நேரடிக் கேள்வியாக வரக்கூடியது.

நடப்பு நிகழ்வு வருஷா வருஷம் மாறிடுமே, அதுல பழைய பேப்பர் எதுக்கு?

விடைக்காக இல்லை. எத்தனை மாதம் பின்னால் போய்க் கேட்கிறார்கள், விருதா நியமனமா அரசுத் திட்டமா எது அதிகம், தமிழ்நாட்டுச் செய்தி எவ்வளவு என்று பார்ப்பதற்கு. அதைப் பார்த்துவிட்டு விடையை மறந்துவிடலாம்.

குரூப் 4-க்கு படிக்கிறவங்க குரூப் 2, குரூப் 1 பேப்பரும் பாக்கணுமா?

முதலில் உங்கள் தேர்வின் தாள்களை முன்னே சொன்ன மாதிரி முடியுங்கள். குரூப் 4 பத்தாம் வகுப்புத் தரம். குரூப் 2 முதல்நிலையில் 100 மொழி, 75 பொது அறிவு, 25 கணிதம். மொழி பத்தாம் வகுப்புத் தரம்தான், பொது அறிவு பட்டப்படிப்புத் தரம். குரூப் 1 முதல்நிலையில் மொழிப் பகுதி கிடையாது, 175 பொது அறிவும் 25 கணிதமும்.

கணிதமும் தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு, சமூக இயக்கங்கள் பற்றிய அலகும் மேல் தேர்வுத் தாள்களிலிருந்து எடுத்துப் பார்க்கத் தகுந்தவை. அறிவியலில் மட்டும் குரூப் 1 கேள்வியைப் பார்த்துப் பயந்து 12-ஆம் வகுப்பு இயற்பியலுக்குள் போய் விழாதீர்கள்.

பழைய பேப்பரையே மாடல் டெஸ்டா எழுதலாமா?

ஒன்றை மட்டும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள், விடையைக்கூடப் பார்க்காமல். மற்றவற்றை ஏற்கெனவே பிரித்துப் படித்துவிட்டீர்கள், அவற்றில் வரும் மதிப்பெண் உண்மையான மதிப்பெண் இல்லை. ஒதுக்கி வைத்ததைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் காலை 9.30-லிருந்து 12.30 வரை உட்கார்ந்து எழுதுங்கள், ஓஎம்ஆர் தாளை அச்சடித்து வட்டத்தைக் கருமையாக்கியே எழுதுங்கள். 180 நிமிடத்தில் 200 கேள்வி, அதற்குள் கருமையாக்கும் நேரமும் இருக்கிறது. வீட்டில் விரலால் தொட்டு எழுதும் ஆப்பில் இது தெரியாது.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது, எனவே முயற்சி செய்யாமல் எதையும் விடாதீர்கள். 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டம் எதற்கு, எத்தனை வட்டம் கருமையாக்கினோம் என்ற எண்ணிக்கையை எங்கே எழுத வேண்டும், அதில் பிழை செய்தால் என்ன குறைப்பார்கள் என்பதையெல்லாம் அந்தந்தத் தேர்வின் அறிவிக்கையில் வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

போன தடவ கட் ஆஃப் பாத்து டார்கெட் வைக்கலாமா?

ஒரு மதிப்புக்குப் பார்க்கலாம், திட்டம் போட முடியாது. குரூப் 4-ல் முதலில் அறிவித்த இடங்கள் 2022-ல் 7,301, 2024-ல் 6,244, 2025-ல் 3,935. பிறகு கூட்டுவதும் உண்டு. இடமும் தாளின் கடினமும் மாறினால் கட் ஆஃப் மாறும். யூபிஎஸ்சி முதல்நிலையில் பொதுப்பிரிவுக்கு 2016-ல் 116 ஆக இருந்தது 2023-ல் 75.41 ஆனது, அதே 200 மதிப்பெண் தாளில். போன முறை கட் ஆஃப்பைத் துரத்துவதை விட, போன தாளில் நீங்கள் விட்ட கேள்விகளில் எத்தனை பாடப்புத்தகத்திலேயே இருந்தவை என்று எண்ணுங்கள். இலக்காக வைக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

யூபிஎஸ்சிக்கும் இதே முறை ஒத்து வருமா?

நோட்டு போடும் முறை ஒத்து வரும், மற்றது மாறும். அங்கே தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள், எனவே எதைத் தொடக் கூடாது என்பதையும் பழைய தாளில் பழக வேண்டும். 2023-ல் 'மேற்கண்டவற்றில் எத்தனை சரி' என்ற வகை நிறைய வந்தது. அதில் ஒரு கூற்றை வைத்து மற்றதை நீக்கும் தந்திரம் செல்லாது, ஒவ்வொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்ற சிசாட் தாளையும் (முதல்நிலையின் இரண்டாவது தாளான திறனறித் தாள்) அலட்சியம் செய்யாமல் கடந்த சில ஆண்டுத் தாள்களை முழு நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

முதன்மைத் தேர்வுக்கு 2013-லிருந்து எடுத்தால் சரி, பொது அறிவு நான்கு தாளானது அப்போதுதான். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரியின் கீழேயும் இதுவரை கேட்ட கேள்விகளை எழுதுங்கள். விடையைத் தமிழில் எழுதலாம், ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழில் எழுதப்போகிறவர்கள் ஆங்கிலக் கேள்வியை வாசித்து உடனே தமிழில் யோசிக்கப் பழகுவதற்கே பழைய தாள்கள் வேண்டும்.

குரூப் 1, குரூப் 2 மெயின்ஸ்ல விரிவா எழுதுற கேள்விக்கு விடைக்குறிப்பே இல்லையே, எப்படி பயிற்சி பண்றது?

முதலில் கேள்வியின் வினைச்சொல்லைப் பாருங்கள். விளக்குக, விவாதி, மதிப்பிடுக, ஒப்பிடுக என்று ஒவ்வொன்றும் வேறு வேறு விடையைக் கேட்கிறது. பிறகு விடை முழுவதையும் எழுதாமல், ஒரு கேள்விக்கு ஆறு ஏழு வரியில் குறிப்பு மட்டும் எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் பத்துக் கேள்விக்கு எழுதலாம். எந்தத் தலைப்பில் மூன்றாவது வரிக்கு மேல் பேனா நகரவில்லையோ அங்கேதான் படிக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று கேள்விக்கு மட்டும் நேரம் வைத்து முழு விடை எழுதி, கூடப் படிக்கும் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

ரெண்டு வருஷமா பழைய பேப்பர் போடுறேன், நூத்தி எழுபது வருது. தேர்வுல மட்டும் வரல. ஏன் சார்?

அந்த நூற்று எழுபது உங்கள் ஞாபகத்தின் மதிப்பெண். அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டதால் விடை எந்த வரிசையில் இருக்கிறது என்றுகூட மனதுக்குத் தெரியும். விருப்பங்களை ஒரு தாளால் மறைத்துவிட்டுக் கேள்வியை மட்டும் படித்து விடையை எழுதிப் பாருங்கள், அப்புறம் ஏன் அது விடை என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாதவைதான் உங்களுக்குத் தெரியாதவை.

தேர்வில் தவறவிட்ட கேள்விகளையும் மூன்றாகப் பிரியுங்கள்: படிக்கவே படிக்காதது, படித்து மறந்தது, தெரிந்தும் 'தவறானது எது' என்பதைச் 'சரியானது எது' என்று வாசித்துவிட்டது. முதலாவதுக்குப் புத்தகம், இரண்டாவதுக்குத் திருப்புதல், மூன்றாவதுக்கு நேரம் வைத்து எழுதும் பயிற்சி. மூன்றாவது பிரச்சினை உள்ளவர் மறுபடியும் புத்தகத்தையே படித்துக்கொண்டிருந்தால் மதிப்பெண் ஏறாது. பலருக்கு இதுதான் நடக்கிறது.

வேலைக்குப் போறேன், ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்தான் கிடைக்கும். முழுசா இதெல்லாம் பண்ண முடியுமா?

முழுவதும் வேண்டாம். மிகச் சமீபத்திய ஒரே ஒரு தாளுக்கு மட்டும் நான்கு விஷயமும் எழுதுங்கள், ஒரு நாளைக்கு இருபது கேள்வி என்று பத்து நாளில் முடியும். மற்றத் தாள்களில் பாடத்தின் பெயரை மட்டும் ஓரத்தில் குறித்தால் போதும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் கணக்கு, அரை மணி நேரம் தமிழ், மீதி ஒரு மணி நேரம் நோட்டில் அதிகம் வந்த பாடம் எதுவோ அது. பேருந்தில் போகும் நேரத்துக்கு 'மாறும்' பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் புதிதாக எதையும் தொடாமல், அந்த வாரம் படித்த பாடங்களிலிருந்து பழைய தாள்களில் வந்த கேள்விகளைப் பொறுக்கி எடுத்து எழுதிப் பாருங்கள். தவறியவை அடுத்த வாரத்தின் முதல் வேலை.